கீழத்தெரு குடும்பங்கள்: வாட்ஸ்அப் குழு

தேவி: பயிற்சி முடிந்து இப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர், இனி நம் தெருவுக்கு நான்தான் 😀

முருகன் மாமா: வாழ்த்துகள்மா. ஆனால் டாக்டர் சொல்லியே கேட்காத ஜனம், நீ சொல்லியா கேட்கப்போகிறது?

தேவி: டாக்டர் உங்களை வருஷத்துக்கு எத்தனை தடவை பார்க்கிறார் மாமா? நான் தினமும் பார்க்கிறேனே. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே மகளிர் குழுப் பெண்களைத்தானே இதற்கு எடுத்தார்கள்.

முருகன் மாமா: சரி, மெடிக்கலில் பிரஷர் பார்த்தேன், 150 காட்டியது. மாத்திரை பெயர் சொல்லு.

தேவி: அது டாக்டர் வேலை. டீ குடித்த கையோடு நடந்துபோய் நின்றபடியே கையை நீட்டியிருப்பீர்கள். டீ, பீடி விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் (உங்களுக்கு இதுதான் கஷ்டம்) பார்க்க வேண்டும். அப்படியும் 140/90-க்கு மேல் வந்தால் நிலையத்துக்கு அனுப்புவேன்.

முருகன் மாமா: 🙏

ராணி அக்கா: இவ்வளவுதானா பயிற்சி?

தேவி: மிஷின் சுலபம் அக்கா, பேசப் பழகுவதுதான் பெரும்பாடு. ஒருத்தர் மாத்திரையை நிறுத்தியவராக நடிக்க வேண்டும், இன்னொருத்தர் விசாரிக்க வேண்டும். "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்றால் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்கிறார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று நர்ஸம்மா கேட்டதும் பேச்சே மாறிவிட்டது.

ராணி அக்கா: எங்கள் மாமியார் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறாரே, அவருக்கு?

தேவி: வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பார்கள், நான் பெயர் எழுதிக்கொள்கிறேன்.

சுமதி: யார் யாருக்கு சுகர் என்று இந்தக் குரூப்பில் ஒரு லிஸ்ட் போட்டுவிடு தேவி, நாங்களும் ஞாபகப்படுத்துவோம்.

தேவி: போடவே மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்பதால்தான் கதவைத் திறப்பார்கள், வெளியே போய்ச் சொல்லிவிடுவாளோ என்று பயப்படுவதும் அதனால்தான். ஒரு தடவை வாய் தவறினால் அப்புறம் எந்த வீட்டிலும் எனக்கு வேலை இல்லை. மருமகள் விஷயத்தை மாமியாரிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

சுமதி: அட, நல்லதுக்குத்தானே சொன்னேன்.

பரிமளா அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தேவி: அத்தை, பார்த்துவிட்டேன். தனியாக எழுதுகிறேன், பதறாதீர்கள்.