சென்னை வகுப்பறைக்கு ஏசியா, மின்விசிறியா?

கடைசி வரிசை:
120 பேர் உட்காரும் விரிவுரைக் கூடம். மதியம் இரண்டு மணி வகுப்பில் முழங்கை நோட்டில் ஒட்டிக்கொள்கிறது. தூக்கினால் தாளும் கூடவே வருகிறது. இவ்வளவு கட்டணம் வாங்கும் கல்லூரி ஏசி போடக் கூடாதா?

சுண்ணாம்புக்காரை:
போடலாம் தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர் உடம்பிலிருந்தே சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறும். 120 பேருக்கு 12 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட். உங்கள் உடம்புச் சூட்டுக்கே மூன்றரை டன் போய்விடும்; வெயில் காயும் மொட்டைமாடி தனி. போதாக்குறைக்கு, சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. கதவைச் சாத்திவிட்டு 120 பேர் விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் தூக்கம்தான் வரும்.

கடைசி வரிசை:
தூக்கம் இப்போதும் வருகிறது ஐயா.

பழைய மாணவர்:
நாங்கள் விசிறியே இல்லாமல் படித்தோம்.

மதுரைக்காரி:
அப்போது ஒரு வகுப்பில் எத்தனை பேர் ஐயா? எங்கள் ஊரில் 38 டிகிரியிலும் வேப்பமரத்தடியில் உட்கார முடிகிறது. இங்கே 33-க்கே உயிர் போகிறது. வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அது எங்கே போகும்? ஏசி அந்த ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. குழாயில் சொட்டும் தண்ணீர் அதுதான். விசிறியால் அது முடியாது. ஏர்கூலரோ இன்னும் ஈரத்தைச் சேர்க்கும்.

சுண்ணாம்புக்காரை:
ஏர்கூலர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் அம்மா. ஆனால் விசிறி, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிடுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். தம்பி, உங்கள் கூடத்தில் எத்தனை விசிறி ஓடுகிறது?

கடைசி வரிசை:
எட்டு. அதில் மூன்று கடகடக்கும். தன் குரல் கேட்கவில்லை என்று ஆசிரியர் வந்ததுமே அவற்றை அணைத்துவிடுவார். மூன்றும் எங்கள் தலைக்கு மேல்.

சுண்ணாம்புக்காரை:
ஜன்னல்? மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வருமே.

கடைசி வரிசை:
கிழக்கில் நான்கு ஜன்னல். புரொஜெக்டர் படம் தெரியவில்லை என்று கறுப்பு அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்காரை:
இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

மதுரைக்காரி:
அட்டையை எடுத்தாலும் அக்டோபர் புழுக்கம் போகாது. 2020 முதல் நட்சத்திர முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அதை 27-க்கு ஏற்றி, விசிறியையும் ஓடவிடுங்கள். மின்சாரம் மிச்சம், துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடுங்கவும் வேண்டாம்.

கடைசி வரிசை:
நாளை அட்டையைக் கிழிக்கிறேன். விசிறிக்கு பேரிங் மாற்றச் சொல்லி மனு எழுதுகிறேன். அதே மனுவில் இரண்டாவது பத்தி ஏசி.