பர்வதமலை கடப்பாரை வழி: ஏறி வந்த பிறகு ஒரு புதுப்பிப்பு

ஐப்பசி மழையில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாறை காயும்வரை பொறுங்கள் என்றீர்கள். பொறுத்து, தை மாதம் போய்வந்தேன். நன்றி.

அடிவாரத்து ஊரான தென்மகாதேவமங்கலம் பக்கத்துப் படிகளில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கடப்பாரைப் பகுதிதான் விஷயமே! செங்குத்துப் பாறையில் அடித்திறக்கிய இரும்புக் கம்பிகள், சங்கிலி, ஏணி; கீழே கிடுகிடு பள்ளம். கை பலத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதத்தை நன்றாக ஊன்றிய பிறகே அடுத்த பிடிக்குக் கை நீட்டுங்கள். வெயில் ஏறினால் இரும்பு சுடும், காலையிலேயே கிளம்புங்கள். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயிலருகே காற்று ஆளையே தள்ளுகிறது. பாறை விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிள்ளைகளோடு போகலாமா என்று கேட்ட அண்ணா, சிறுவர்களைக் கடப்பாரை வழியில் ஏற்றாதீர்கள்.