வயிற்று டயலிசிஸ்: தண்ணீர் வடிய ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ஏழு மாதமாக வீட்டிலேயே வயிற்று டயலிசிஸ் செய்கிறோம், ஒரு நாளைக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் 2 லீற்றர் டயலிசிஸ் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, பிறகு பைக்குள் வடித்தெடுக்கிறோம். முன்பெல்லாம் 20 நிமிடத்தில் வடிந்துவிடும். இந்தக் கிழமை 50 நிமிடமாகியும் முடிவதில்லை. நேற்று இரவு வடிந்த பையைத் தராசில் கொளுவிப் பார்த்தேன், 1 கிலோ 600தான். மிச்சம் வயிற்றுக்குள்ளேயே நிற்கிறதே என்று எனக்கு நித்திரையே இல்லை.

அப்பா கட்டிலில் இருக்கிறார், பை நிலத்தில், ரியூப் எங்கும் மடியவில்லை, கிளாம்பும் திறந்துதான் இருக்கிறது. ஒரு பக்கம் சரிந்து படுத்தால் கொஞ்சம் வேகமாக வருகிறது, அப்புறம் திரும்பவும் சொட்டுச் சொட்டாக. தண்ணீர் தெளிவு, பைக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து வாசிக்கலாம். காய்ச்சலோ வயிற்று வலியோ இல்லை. ஆனால் பஞ்சு இழை மாதிரி வெள்ளையாக இரண்டு தரம் மிதந்தது. மூன்று நாளாக அப்பாவுக்கு மலமும் போகவில்லை. குடல் நிறைந்திருந்தால் வயிற்றுக்குள் இருக்கும் குழாயை அமுக்கும் என்று பயிற்சியில் நர்ஸ் மிஸ் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிளினிக்குக்குச் சொல்லிவிட்டேன், காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: அந்த இழைக்குப் பைக்குள் மருந்து சேர்த்தார்களா, குழாய் இடம் மாறியதா என்று எக்ஸ்ரே எடுத்தார்களா? கிட்னி நோயாளிக்குக் கண்ட பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது என்று தெரியும், உங்களுக்கு டாக்டர் எழுதித் தந்தது எது?