கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்ல டோட்டல் தப்பா வருது, அவசரம்!!

புதுவரவு_07:
கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்ங்கற சாப்ட்வேர்ல டேட்டாபேஸ்லேர்ந்து ரிப்போர்ட் பண்றது இதான் முதல் தடவை. மாச சேல்ஸ் ரிப்போர்ட் கேட்டாங்க, டேபிள்லாம் இழுத்துப் போட்டு லிங்க் பண்ணி கஸ்டமர் வாரியா க்ரூப் பண்ணி டோட்டல் போட்டா அக்கவுண்ட்ஸ்காரங்க சொல்றதவிட எக்கச்சக்கமா வருது, ஆனா சில கஸ்டமருக்கு மட்டும் கரெக்டா இருக்கு. சாப்ட்வேர்லயே ஏதாச்சும் கோளாறா? நாளைக்குக் குடுத்தாகணும்

நெருஞ்சி:
எந்த டேட்டாபேஸ்? என்னென்ன டேபிள்? எந்த ஃபீல்டைக் கூட்டுறீங்க? ஒண்ணுமே சொல்லலியே

கணக்குப்புள்ள:
ஓடிபிசி (டேட்டாபேஸை கனெக்ட் பண்ற டிரைவர்) 32 பிட்டா 64 பிட்டா பாருங்க. முக்காவாசி பிரச்சனை அங்கதான்

பழைய_டிபிஏ:
டிரைவர் பிட்டு மாறுனா கனெக்டே ஆகாது சார், டோட்டல் எப்படி வரும்? தம்பி, டேபிள்களைச் சேக்கற ஜாயின்னா என்னன்னு தெரியாம ரிப்போர்ட் டூலைத் தொட்டா இப்படித்தான். முதல்ல டேட்டாபேஸ்ல தகவல் எடுக்கற எஸ்க்யூஎல் மொழியைப் படிங்க

தூக்கம்போச்சு:
டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தா ஒரு தடவைதான் எடுக்கறது) போட்டுக் கூட்டுங்க, முடிஞ்சுது

புதுவரவு_07:
சாரி, எஸ்க்யூஎல் சர்வர். கஸ்டமர், இன்வாய்ஸ், இன்வாய்ஸ் டீட்டெயில், பேமெண்ட். இன்வாய்ஸ்ல இருக்க நெட் அமவுண்ட்

நெருஞ்சி:
அதான பாத்தேன். ஒரு பில்லுல 3 ஐட்டம், பணம் 2 தவணையா வந்திருந்தா ஒவ்வொரு ஐட்டமும் ஒவ்வொரு பேமெண்ட்டோட சேந்து அந்த பில்லு 6 வரியா வரும், 10,000 பில்லு 60,000 ஆயிடும். ஒரு ஐட்டம் ஒரு பேமெண்ட் இருக்க கஸ்டமருக்கு மட்டும் சரியா வர்றது அதனாலதான். டிஸ்டிங்க்ட் சம் வேணாம், ஒரே தொகைக்கு ரெண்டு பில்லு இருந்தா ஒண்ணு காணாமப் போயிடும். கஸ்டமருக்குள்ள இன்வாய்ஸ் நம்பர்ல இன்னொரு க்ரூப் போட்டு, ரன்னிங் டோட்டல்ல (வரிவரியா கூட்டிக்கிட்டே போற டோட்டல்) அந்த க்ரூப் மாறும்போது மட்டும் கூட்டச் சொல்லுங்க, கஸ்டமர் மாறுனா ரீசெட். கிராண்ட் டோட்டலுக்கு ரீசெட் ஆகாத ஒண்ணு தனியா. கீழ வர்ற ஃபுட்டர்ல வைங்க, மேல வர்ற ஹெட்டர்ல வெச்சா கூட்டி முடியறதுக்குள்ள தப்பு நம்பர்தான் வரும்

தூக்கம்போச்சு:
இந்தக் காலத்துல யாருங்க கிரிஸ்டல், மைக்ரோசாஃப்டோட ரிப்போர்ட் டூல் பவர் பிஐ போங்க

பழைய_டிபிஏ:
அங்க மட்டும்? எல்லாத்தையும் ஒரே டேபிளா மெர்ஜ் பண்ணா இதே கதைதான்

தூக்கம்போச்சு:
யாரு மெர்ஜ் பண்ணச் சொன்னா, ரிலேஷன்ஷிப் ஒழுங்கா வெச்சா வராது

கணக்குப்புள்ள:
பக்கம் பக்கமா பிரிண்ட் எடுக்கணும்னா என்ன பண்ணுவீங்க

தூக்கம்போச்சு:
பவர் பிஐல அதுக்குன்னே பேஜினேட்டட் ரிப்போர்ட் இருக்கே

பழைய_டிபிஏ:
அதுக்கு ரிப்போர்ட் பில்டர்னு தனி டூல். ஆக ரெண்டு டூல் படிக்கணும், நல்ல முன்னேற்றம்

புதுவரவு_07:
பண்ணிட்டேன். இப்ப கம்மியா வருது!!

நெருஞ்சி:
பேமெண்ட் லிங்க் இன்னர் ஜாயினா (ரெண்டு டேபிள்லயும் இருக்கறது மட்டும் வரும்) இருக்கும், கிரிஸ்டல் தானா அதைத்தான் போடும். பணம் கட்டாத பில்லு ஒண்ணுகூட ரிப்போர்ட்டுக்கே வராது, லெஃப்ட் அவுட்டர் (பேமெண்ட் இல்லாட்டியும் பில்லு வரும்) ஆக்குங்க. பேமெண்ட் தேதில ஃபில்டர் வெச்சிருந்தா அதையும் எடுங்க, பணம் கட்டாத பில்லுக்கு அந்தத் தேதியே இருக்காது, அதனால லெஃப்ட் போட்டும் அதே கதைதான். இன்வாய்ஸ் தேதிதானே வேணும்?

பழைய_டிபிஏ:
பேமெண்ட்டை பில் வாரியா கூட்டி ஒரு வியூ (டேபிள் மாதிரி பாக்கற, சேமிச்சு வெச்ச குவெரி) பண்ணி அதை லிங்க் பண்றதுதான் முறை. ஆனா யாரு கேக்கறா

புதுவரவு_07:
மேட்ச் ஆயிடுச்சு, தேங்க்ஸ்

கணக்குப்புள்ள:
ஃபில்டர்தானா? ஜாயினா? எதுன்னு சொல்லிட்டுப் போங்க, எனக்கும் இதே மாதிரி ஒரு ரிப்போர்ட் கிடக்கு