ரெசொல்யூம்ல பேர் க்ளிப் பின்னாடி கருப்பு கட்டம் வருது, ஹெல்ப் பண்ணுங்க

எல்இடி தம்பி:
அண்ணாமாரே, ரிசப்ஷன்ல எல்இடி வால் ஓட்டுறேன், ஃபீல்டுக்கு புதுசு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல (அனிமேஷன் பண்ற சாஃப்ட்வேர்) பொண்ணு மாப்ள பேரு, மேல இருந்து மல்லிப்பூ உதிர்ற மாதிரி, ஓரத்துல ஒரு குத்துவிளக்குன்னு ஒரு க்ளிப் பண்ணேன், பேக்ரவுண்டே வைக்கல, பின்னாடி காலின்னு காட்டுற கட்டம் கட்டமாதான் தெரிஞ்சுது. எம்பி4 எடுத்து, வீடியோவ லேயர் லேயரா அடுக்கி ஓட்டுற ரெசொல்யூம் சாஃப்ட்வேர்ல மேல் லேயர்ல போட்டா முழுக்க கருப்பு, கீழ ஓடுற வீடியோ தெரியவே இல்ல. ப்ளெண்ட் மோட (மேல் லேயர் கீழ் லேயரோட கலக்குற விதம்) ஸ்க்ரீனுக்கு மாத்தினேன், கருப்பு போச்சு ஆனா விளக்கோட நிழல் பக்கமும் சேர்ந்து போச்சு, வெள்ளை பேக்ரவுண்ட் மேல பேரே காணோம். ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன்ணா.

பழைய விஜே:
தம்பி, எம்பி4ல வழக்கமா போற எச்264ங்கற கோடெக்ல (வீடியோவ சுருக்கி எழுதுற முறை) ட்ரான்ஸ்பரன்சி நிக்காது. நீ பேக்ரவுண்ட் இல்லாம பண்ணாலும் அது கருப்பா நிரப்பித்தான் எழுதும். ஸ்க்ரீன், ஆட் (Add) ரெண்டும் வெளிச்சத்த கூட்டுற மோடு, கருப்புன்னா கூட்ட ஒண்ணுமில்ல, அதான் மறையுது. தீப்பொறி, புகைக்கு அது போதும், பேருக்கும் விளக்குக்கும் ஆகாது.

குவிக்டைம் ஃபைலா ப்ரோரெஸ் 4444ங்கற கோடெக்ல எடு, 422 இல்ல, அதுல ஆல்ஃபா, அதாவது எந்த இடம் எவ்வளவு ட்ரான்ஸ்பரன்ட்னு சொல்ற சேனல், கிடையாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல அவுட்புட் மாட்யூல்ல (ஃபைல எப்படி எழுதணும்னு சொல்ற இடம்) சேனல்ஸ்னு இருக்கும் பாரு, அது ஆர்ஜிபின்னே கிடக்கும், ஆர்ஜிபி ப்ளஸ் ஆல்ஃபான்னு மாத்தணும். நான் இத மறந்துட்டு ராத்திரி முழுக்க ரெண்டர் விட்டு காலைல தலைல கை வச்ச ஆளு. அப்புறம் ரெசொல்யூம்காரங்களோட ஆல்லின்னு ஒரு கன்வெர்ட்டர், ஃப்ரீதான், அதுல போட்டு ஆல்ஃபாவோட டிஎக்ஸ்வியா (ரெசொல்யூமோட சொந்த கோடெக்) மாத்திக்க. ஸ்க்ரீன எடுத்துட்டு லேயர ஆல்ஃபாவுல வை. பழைய எம்பி4யவே ஆல்லில போட்டுறாத, போன ஆல்ஃபா திரும்பி வராது.

எல்இடி தம்பி:
வந்துருச்சுண்ணா!! ஆனா எழுத்த சுத்தி இருக்குற க்ளோவுல அழுக்கு மாதிரி ஒரு கருப்பு ஓரம். அதோட மூணு லேயர் ஒண்ணா ஓட்டினா திக்கித் திக்கி போகுது.

பழைய விஜே:
ஓரம் வர்றது ப்ரீமல்டிப்ளைட் பிரச்சனை. அரைகுறையா தெரியுற பிக்சல்ல கருப்ப கலந்தே எழுதி வச்சிருக்கு, சாஃப்ட்வேர் அத ஸ்ட்ரெய்ட்னு, அதாவது கருப்பு கலக்காததுன்னு, நெனச்சு படிக்குது. அதே அவுட்புட் மாட்யூல்ல கலர்ங்கறத ஸ்ட்ரெய்ட்டுக்கு மாத்தி மறுபடி எடு. ஸ்ட்ரெய்ட் ஃபைல ஆல்ஃபா தெரியாத ப்ளேயர்ல பாத்தா க்ளோ எல்லாம் வெட்டி ஒட்டின மாதிரி அசிங்கமா இருக்கும், பயந்துறாத. டெஸ்ட் பண்ண கீழ் லேயர்ல பளிச்சுனு ஒரு சிவப்பு கலர் போட்டு பாரு, கருப்பு மேல வச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது.

மிக்ஸிங் மாமா:
திக்குறதுக்கு நான் சொல்றேன். க்ளிப் எங்க இருக்கு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்லயா? டிஎக்ஸ்வி, ஹாப் மாதிரி கோடெக் எல்லாம் ப்ராசசருக்கு வேலைய கொறச்சு கிராபிக்ஸ் கார்டுகிட்ட தள்ளும், பதிலுக்கு டிஸ்க்க போட்டு வாங்கும். கணக்கு போட்டு பாருங்க, ஹாப் ஆல்ஃபால ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், 1920க்கு 1080 ஃப்ரேம் ஒண்ணு கிட்டத்தட்ட 2 எம்பி, செகண்டுக்கு 30 ஃப்ரேம்னா 60 எம்பிக்கு மேல, மூணு லேயருக்கு 180 தாண்டுது. கம்ப்ரஸ் ஆகி கொஞ்சம் கொறையும், ஆனாலும் சுத்துற டிஸ்க் தாங்காது. எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. அடில ஓடுற பேக்ரவுண்டுக்கு ஆல்ஃபா எதுக்கு, அத ஆல்ஃபா இல்லாம மாத்தினா பாதி எடைதான்.

எல்இடி தம்பி:
ஆமா மாமா ஹார்ட் டிஸ்க்தான் 🙈 லேப்டாப் எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. ஓரமும் போயிருச்சுண்ணா.

புது ஆளு:
குறுக்க வரேன், கிளையன்ட் குடுத்த லோகோ எம்பி4தான் இருக்கு, ஒரிஜினல் இல்ல, என்ன பண்றது?

பழைய விஜே:
பின்னாடி பச்சைன்னா அந்த கலர மறைக்கிற க்ரோமா கீ போடுங்க. கருப்புன்னா இருட்டான இடத்த மறைக்கிற லூமா கீ, ஆனா லோகோக்குள்ள கருப்பு எழுத்து இருந்தா அதுவும் ஓட்டையாயிரும். அதுக்கு பேசாம அவங்ககிட்ட பிஎன்ஜி கேளுங்க, ஆல்ஃபாவோட அப்படியே லேயர்ல போட்டுக்கலாம்.