கருப்பு டீஷர்ட்டில் வெள்ளை மை உதிர்கிறது, மழைக்காலத்தில் மட்டும்!

குன்னூர்_அச்சு
வணக்கம். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் சின்னக் கடை. டிடிஜி மெஷினில் (துணி மேல் நேராக மை தெளித்து அச்சிடுவது) சுற்றுலா வருபவர்களுக்கு மலை ரயில், காட்டெருமை எல்லாம் டீஷர்ட்டில் அடித்துத் தருகிறோம். மே சீசன் முழுக்க ஒரு புகார் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கருப்பு, நேவி நிறங்களில் மட்டும் முதல் துவைப்பிலேயே வெள்ளை மை பொடிப்பொடியாக உதிர்கிறது. வெள்ளை டீஷர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மை, அதே 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி, ஹீட் பிரஸ் 160 டிகிரி, 90 நொடி. மை விற்றவர் துணியைக் குறை சொல்கிறார், துணி கொடுத்தவர் மையைச் சொல்கிறார். யாரைப் பிடிப்பது?

நூல்கண்டு_திருப்பூர்
ரெண்டு பேரையும் விடுங்க. ப்ரீட்ரீட்மென்ட் (அச்சுக்கு முன்னாடி துணியில் தெளிக்கும் திரவம்) அடித்த டீஷர்ட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீங்க?

குன்னூர்_அச்சு
காலையில் மொத்தமாக அடித்துக் காயவைத்து ரேக்கில் அடுக்கிவிடுவோம் அண்ணா. ஆர்டர் வர வர எடுப்போம். சில சமயம் மறுநாள்கூட ஆகும்.

நூல்கண்டு_திருப்பூர்
அங்கேதான் கோளாறு. அந்தத் திரவத்தில் பெரும்பாலும் கால்சியம் உப்புதான். வெள்ளை மை துணிக்குள் இறங்காமல் மேலேயே உறைந்து நிற்க அது வேணும். ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும், பருத்தியும் இழுக்கும். 65 சதவீத ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். உங்க ஊர் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். பிரஸ் போட்டதும் சூடு முதலில் அந்தத் தண்ணீரை விரட்டத்தான் செலவாகும். 90 நொடி முடியும், மை வெந்திருக்காது. கருப்புத் துணிக்குப் போடுற மாதிரி வெளிர் துணியில் வெள்ளை அடித்தளம் கிடையாது, மை மெல்லிசு, அதனால் தப்பிக்குது.

சோதனை சுலபம். ரேக்கில் இருக்கும் டீஷர்ட் மேல் பட்டர் பேப்பர் வைத்துப் பத்து நொடி அழுத்துங்க. பேப்பர் நமுத்து நெளிந்தால் ஈரம்தான். அச்சுக்கு முன்னாடி ஒவ்வொன்றையும் அப்படி அழுத்தி ஆவி போனதும் உடனே மெஷினில் ஏற்றுங்க.

ஊட்டிக்காரி
பிரஸ் டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாதீர்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் எங்கள் பிரஸ்ஸில் ஓரம் சூடேறாது. வெப்பம் காட்டும் ஸ்ட்ரிப்பை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள்.

வாங்குபவரிடமும் சொல்லி அனுப்புங்கள்: ஒரு நாள் கழித்துத் துவைக்கணும், உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், ப்ளீச் இல்லாமல். மழையில் துணி காயவில்லை என்று நம் ஊரில் எல்லோரும் இஸ்திரி போட்டே காயவைப்போம், இல்லையா? படத்தின் மேல் நேராகப் பெட்டி பட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். திருப்பிப் போட்டுத் தேய்க்கணும்.

குன்னூர்_அச்சு
பேப்பர் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது அண்ணா! ஸ்ட்ரிப்பில் இடது ஓரம் 145தான் காட்டுகிறது. அறைக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கிவிடவா?

நூல்கண்டு_திருப்பூர்
அச்சு அறைக்கு வேண்டாங்க. ரொம்ப உலர்ந்தால் நாசில் (மை வரும் நுண்துளை) அடைக்கும். கோடையில் நாங்கள் ஹ்யூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின்) வைத்து ஓட்டுறோம். 50, 60 சதவீதம் இருக்கட்டும். டீஷர்ட்டை மட்டும் மூடி போட்ட டப்பாவில் வைங்க. அப்புறம் பிரஸ்காரரைக் கூப்பிட்டு அந்த ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்க.

குன்னூர்_அச்சு
சரி அண்ணா. அச்சடித்து வைத்து விற்காத கருப்பு டீஷர்ட் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு வழி உண்டா?

நூல்கண்டு_திருப்பூர்
தண்ணீர் படாததென்றால் பட்டர் பேப்பர் போட்டு மறுபடி முழு நேரம் பிரஸ் பண்ணுங்க. ஒன்றைத் துவைத்துப் பார்த்துவிட்டு மற்றதை விற்கலாம். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், அதை மாற்றிக் கொடுத்துடுங்க.