பழைய வின்செஸ்டரா, புது ரைஃபிளா? 1,350 டாலர் கையில் இருக்கிறது, குழப்பம் தீரவில்லை

மேடிசன் குமரன்:

வணக்கம். விஸ்கான்சினில் எனக்கு இது மூன்றாவது மான் சீசன். போன இரண்டு வருடமும் இரவல் ரைஃபிளோடு சமாளித்துவிட்டேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை சீசன் திறப்பதற்குள் சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமெரிக்கர் ஒருவர், தன் அப்பா வைத்திருந்த வின்செஸ்டர் மாடல் 70-ஐ விற்கிறார். தோட்டா .30-06. வரிசை எண் 2 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டுகிறது, 1950-களின் தொடக்கத்தில் செய்தது என்கிறார். விலை 1,350 டாலர். "1964-க்கு முந்தையது. இப்போது வருகிறதெல்லாம் இதன் கால்தூசிக்கு வராது" என்று சத்தியம் செய்யாத குறை.

கடையில் டிக்கா டி3எக்ஸ் ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) எண்ணெயில் ஓடுவது போல ஓடுகிறது. விலையும் குறைவு. ஆனால் கட்டை (தோளில் வைக்கும் பகுதி) பிளாஸ்டிக், மேகசின் பிளாஸ்டிக், திருவிழாக் கடையில் வாங்கின பொம்மை மாதிரி ஓர் உணர்வு. புது மாடல் 70-ம் கிட்டத்தட்ட அந்தப் பழசின் விலையில் கிடைக்கிறது.

பழசு உண்மையிலேயே தரத்தில் மேலா, இல்லை 'அந்தக் காலத்து அரிசியே வேறு' கதைதானா? என்னைப் போல விவரம் தெரியாதவன் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பென்சில்வேனியா சேகர்:

கண்ணை மூடிக்கொண்டு பழசை வாங்குங்கள். என்னிடம் குழலில் 'ஜேஎம்' முத்திரை (பழைய ஆலைச் சரக்கின் அடையாளம்) போட்ட பழைய மார்லின் 336 இருக்கிறது, .30-30. லீவரைத் தள்ளினால் கிளிக் கிளிக் என்று பூட்டு மாதிரி விழும். 2007-ல் மார்லினை ரெமிங்டன் வாங்கி, ஆலையை நார்த் ஹேவனிலிருந்து இலியனுக்கு மாற்றியபோது பழைய ஆட்களின் கைப்பழக்கம் கூடப் போகவில்லை. அந்தச் சில வருடத்துச் சரக்குக்கு 'ரெம்லின்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கட்டை சரியாக உட்காராது, முன்குறி சாய்ந்திருக்கும் என்று ஊரெல்லாம் புலம்பல்.

பட்டறைக்காரன்:

சேகர், கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2020-ல் மார்லினை ரூகர் வாங்கியது. 2021 கடைசியில் வட கரோலினாவின் மேயோடன் ஆலையிலிருந்து '1895 எஸ்பிஎல்' என்ற ரைஃபிள் வந்தது. கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல மனசு வராது. ஆக, நடுவில் வந்தது மோசம், கடைசியில் வந்தது நன்று. ஆண்டை மட்டும் வைத்து எப்படித் தீர்ப்பு சொல்வது?

குமரன் தம்பி, நான் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் தொழில் பழகியவன். 1998-ல் மில்வாக்கிக்கு வந்து இன்றுவரை மெஷின் ஷாப்தான். வேட்டைக்குப் போவது 2003-லிருந்து. துப்பாக்கி வல்லுநர் இல்லை, இரும்பு வெட்டுகிறவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் நண்பர் சொல்லும் 1964 விவகாரம். மாடல் 70 வந்தது 1936-ல். அதன் ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் உடல், அடிப்பக்கம் தட்டை. இரும்பை மில்லிங்கில் மாட்டி முகம் முகமாக வெட்ட வேண்டும். உதையைத் தாங்கும் முட்டு, ரிசீவரோடு ஒரே இரும்பாக வரும். வெட்டி முடித்த பிறகு ஓர் ஆள் அரத்தோடு உட்கார்ந்து பிசிறு தட்ட வேண்டும். ரெமிங்டன்காரர்கள் 1948-ல் 721, 722 என்று இரண்டு ரைஃபிள் விட்டார்கள். அதில் ரிசீவர் உருண்டை. உருண்டைக் கம்பியை லேத்தில் பிடித்துக் கடைந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முட்டுக்குப் பதில், குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் கனமான ஒரு வாஷர். பார்த்தால் சிக்கனம் மாதிரி இருக்கும். ஆனால் உருண்டையை நேராகக் கடைவது எளிது, தட்டையை நேராக வெட்டுவது பாடு. லேத்காரன் எவனைக் கேட்டாலும் அந்த உருண்டையைத்தான் மெச்சுவான். அதே வழியில் 1962-ல் ரெமிங்டன் 700 வந்தது. கூலி ஏறிக்கொண்டிருந்த காலம், வின்செஸ்டருக்கு மூச்சு முட்டிவிட்டது.

1964-ல் கத்தரிக்கோலை எடுத்தார்கள். தோட்டாவை மேகசினிலிருந்தே பிடித்துக்கொண்டு போகும் மவுசர் 98 வகை நீளக் கொக்கியை நீக்கினார்கள். பிடி வழுக்காமலிருக்கக் கட்டையில் வெட்டும் குறுக்குக் கோடுகளை, அச்சு வைத்து அழுத்திக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அதில் நியாயமும் இருந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1968-ல் போல்ட் ஆடாமல் ஓடத் திருத்தம் செய்தார்கள். 1992-ல் 'கிளாசிக்' என்று கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2006-ல் வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை மூடியது. அதன் பிறகு தென் கரோலினாவின் கொலம்பியாவில் எஃப்என் ஆலையில் செய்தார்கள், இப்போது போர்ச்சுகலில் பொருத்துகிறார்கள். இன்று கடையில் இருக்கும் மாடல் 70-ல் அந்தக் கொக்கி இருக்கிறது. போல்ட்டின் பின்னால் ஊசியையே பூட்டும் மூன்று நிலைப் பாதுகாப்புப் பூட்டும் இருக்கிறது. உங்கள் நண்பர் திட்டுவது 1964-ம் வருடத்து ரைஃபிளை. நீங்கள் கடையில் பார்த்தது அது இல்லை.

இன்னொன்று. 1964-க்கு முந்தையது என்றால் எல்லாம் ஒரே தங்கம் என்றும் நினைக்காதீர்கள். கடைசி மூன்று நான்கு வருடத்துச் சரக்கில் கருவிகள் தேய்ந்து வேலை கரடுமுரடாக இருக்கும் என்று சேகரிப்பாளர்களே சொல்வார்கள். உங்களுக்கு வருவது 50-களின் தொடக்கம், அந்தக் கவலை குறைவு. அப்புறம், அந்தக் காலத்தில் மோசமாக வந்ததெல்லாம் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. நல்லது மட்டும் அலமாரியில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

போல்ட் வழுவழுப்பையும் ஒரு அளவோடுதான் நம்ப வேண்டும். புது ஆட்டுக்கல்லில் அரைத்தால் மாவில் கல் கடிபடும். பாட்டி முப்பது வருடம் அரைத்த கல்தான் வழவழவென்று இருக்கும். எழுபது வருடம் இழுத்துத் தள்ளிய போல்ட் வழுக்காமல் என்ன செய்யும்? புதுசாகவே வழுக்கும் டிக்காவைத்தான் ஒரு பட்டறைக்காரனாக நான் வியப்பேன்.

இனி என் சொந்தக் கதை. 2006-ல் ஆலை மூடப்போகிறது என்ற செய்தி வந்ததும் எல்லோரும் பழைய மாடல் 70-க்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். துப்பாக்கிச் சந்தை ஒன்றில் .270 தோட்டாவுக்கான மாடல் 70 ஒன்று, பார்க்க மாப்பிள்ளை மாதிரி. அந்த வருடம் ஒனைடா கவுண்டியில் இரண்டு நாள் விடாத பனிமழை. மூன்றாம் நாள் 120 கெஜத்தில் ஒரு பெண்மான், அசையாமல் நிற்கிறது. சுட்டேன். அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து போனது. ரேஞ்சில் வைத்துப் பார்த்தால், தோட்டா நாலு அங்குலம் இடது மேலே போகிறது. பிரித்துப் பார்த்தேன். வால்நட் கட்டை ஈரத்தில் ஊதி ஒரு பக்கம் குழலை நெருக்கியிருக்கிறது. கட்டைக்கு வெளியே பளபள வார்னிஷ், உள்ளே பூச்சு இல்லாத வெறும் மரம். விற்றவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் திறந்து பார்க்கவில்லை. உள்பள்ளத்தைத் தேய்த்துக் குழலுக்கு இடம் விட்டு, உள்ளேயும் வார்னிஷ் அடித்தேன். அதன் பிறகு இன்றுவரை இடம் மாறவில்லை.

2011-ல் மகளுக்காக டிக்கா டி3 வாங்கினேன், .308. ஃபின்லாந்தில் ரீகிமாக்கி ஊரில் சாக்கோ ஆலையில் செய்வது. நீங்கள் 'பொம்மை' என்றீர்களே, நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்து 100 கெஜத்தில் ஐந்தைந்து தோட்டா சுட்டோம். துளைகள் விழுந்த வட்டம் என் .270-க்கு ஒன்றரை அங்குலம். மகளின் பொம்மை ஒரு அங்குலத்துக்குள். ஸ்கோப்பை மாற்றி மாட்டியும் பார்த்தேன், அதே கதை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அது போதுமே.

காரணம் எளிது. இன்று பல ஆலைகளில் குழலைக் குளிர்நிலையில் சுத்தியால் அடித்து உருவாக்குகிறார்கள். நடுவில், தோட்டாவைச் சுழற்றும் வரிப்பள்ளத்தின் எதிர் அச்சு பதித்த கம்பி, வெளியே நாலு பக்கமும் சுத்தி. ஒரு குழலுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மிகச் சிறிது. கணினி வைத்த மெஷினுக்குத் திங்கட்கிழமை சோம்பலும் இல்லை, வெள்ளிக்கிழமை அவசரமும் இல்லை. முன்பு அரத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்து செய்ததை இப்போது மெஷினே செய்துவிடுகிறது. மிச்சம் பிடிக்க நினைக்கும் இடம் எது என்றால், கண்ணுக்குத் தெரிகிற இடம்: கட்டை, மேகசின், மெருகு, விசைக் (ட்ரிகர்) காப்பு. பழைய காலத்தில் அந்த இடத்தில்தான் உழைப்பைக் கொட்டினார்கள். அதனால் கண்ணும் கையும் பழசுக்கு ஓட்டுப் போடும், இலக்கு அட்டை புதுசுக்கு.

விசையில் மட்டும் நான் பழசின் பக்கம். அந்த மாடல் 70 விசை திறந்த அமைப்பு, கொஞ்சமே பாகம், அழுக்கு வந்தால் ஊதிவிடலாம். மூடிய பெட்டிக்குள் வரும் விசைகளில் எண்ணெயை ஊற்றி வைத்தால், நம் ஊர் நவம்பர் குளிரில் கூழாகிவிடும்.

சரி, அந்த .30-06-ஐப் பார்க்கப் போகும்போது ஐந்து டம்மி தோட்டா (மருந்து இல்லாதது) கொண்டு போங்கள். மேகசினில் நிரப்பி, போல்ட்டை மெதுவாகவும் ஓட்டுங்கள், வேகமாகவும் ஓட்டுங்கள். தோட்டா கொக்கிக்கு அடியில் தானாக நுழைய வேண்டும். தோட்டாவைக் குழலின் பின்முனை அறையில் நேராகப் போட்டு போல்ட்டை அறைந்து மூடும் பழக்கம் யாருக்காவது இருந்திருந்தால் கொக்கி முனை உடைந்திருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். குழலுக்குள் பார்ப்பது அதைவிட முக்கியம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ .30-06 தோட்டா மலிவாகக் கிடைத்த காலம் அது. 1950-களின் தொடக்கம் வரை ராணுவச் சரக்கில் பெரும்பகுதியின் பற்றவைப்பு மருந்து உப்பு விடும். சுட்டதும் தண்ணீர் விட்டுக் கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டவர்களின் குழல் அம்மை வடு விழுந்த முகம் மாதிரி இருக்கும். குழலுக்குள் விடும் கேமரா இப்போது மலிவு, இல்லையென்றால் என்னுடையதை அனுப்புகிறேன். ரிசீவரில் யாராவது பிறகு துளை போட்டிருக்கிறார்களா, இரும்பின் நீல மெருகை மறுபடி ஏற்றியிருக்கிறார்களா, கட்டையை வெட்டியிருக்கிறார்களா என்பது சேகரிப்பாளர் விலையைத் தீர்மானிக்கும். மானுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

எண்ணிப் பார்ப்பவன்:

பட்டறைக்காரர் அண்ணா, ஐந்து தோட்டா ஒரே ஒரு தடவை போதாது. அதே ரைஃபிளில் மறுபடி ஐந்து சுட்டால் வேறு அளவு வரும். மூன்று தோட்டா வட்டத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்களின் துப்பாக்கியில் பத்து சுடச் சொல்லுங்கள், வட்டம் விரியும். உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம், ஆதாரம் மெலிவு.

பட்டறைக்காரன்:

ஒப்புக்கொள்கிறேன். பிறகு பல தடவை சுட்டிருக்கிறோம், வரிசை மாறவில்லை. எழுதி வைக்கவில்லை என்பது என் தப்பு. தோட்டா என்ன விலை விற்கிறது, பாருங்கள்.

பென்சில்வேனியா சேகர்:

அட்டையில் அரை அங்குல வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு? மானின் நெஞ்சுக்கூடு எவ்வளவு அகலம்? எனக்குத் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:

அதுவும் நியாயம். நானும் .270-ஐ விற்கவில்லை. மழை இல்லாத நாளில் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

மேடிசன் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டம்மி தோட்டா ஐந்தும் தடங்கல் இல்லாமல் போய் வந்தன. கொக்கி முழுசாக இருக்கிறது. அண்ணா அனுப்பிய கேமராவில் அறைக்கு முன்னால் இரண்டு மூன்று சின்ன வடு தெரிந்தது, மற்ற இடம் சுத்தம். ஆனால் கட்டையின் பின்பக்கம் வெட்டி, ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். ரம்பம் கொஞ்சம் கோணல். இது என்ன என்று கேட்டதும் மனிதர் முகம் மாறிவிட்டது. அவருக்குப் பன்னிரண்டு வயதில் முதல் சீசனுக்குப் போகும்போது கை எட்டவில்லையாம். அப்பா கராஜில் வைத்து முக்கால் அங்குலம் அறுத்திருக்கிறார்.

சேகரிப்பாளர் விலை போனது அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே 1,050 என்றார். என் உயரம் ஐந்து அடி நாலு. தோளில் வைத்துப் பார்த்தேன், கண் நேராக ஸ்கோப்பில் போய் உட்கார்ந்தது. கடையில் எடுத்த எதுவும் அப்படி உட்காரவில்லை.

பணம் கொடுத்துவிட்டேன். இந்த வாரக் கடைசியில் கட்டையைக் கழற்றப் போகிறேன். அண்ணா, உள்பக்கத்துக்கு எந்த வார்னிஷ்?